பெலேம் கோபுரத்தில் ஒரு காண்டாமிருகம்

லிஸ்பனில் எனக்கு மிச்சம் இருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும். மறுநாள் விடிகாலையில் விமானம். முந்தைய மூன்று நாளில் மலைமேல் இருக்கும் கோட்டைக்கு ஏறியாயிற்று, 28-ஆம் எண் டிராமில் நின்றுகொண்டே ஊரைச் சுற்றியாயிற்று, நீலமும் வெள்ளையுமாக டைல்ஸ் பதித்த சுவர்களைக் கழுத்து வலிக்கப் பார்த்தாயிற்று. விட்டுப்போனது ஒன்றுதான். ஆற்றங்கரையில் இருக்கும் பெலேம் கோபுரத்தில் எங்கோ ஓரிடத்தில் காண்டாமிருகத்தின் தலை ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். குஜராத்திலிருந்து 1515-இல் உயிரோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்த விலங்கு அது. அதைக் கண்ணால் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

விடுதியின் முன்மேசையில் இருந்த பையனிடம் கேட்டேன். “கோபுரத்திலா? சிங்கமோ ஏதோ பார்த்த நினைவு” என்றான். முதல்நாள் ஒரு வழிகாட்டி, அது உள்ளே மேல்தளத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். அறையில் என்னோடு தங்கியிருந்தவர், கடற்காற்றில் எப்போதோ கரைந்து போயிருக்கும் என்றார். மூவரும் மூன்று விதமாகச் சொன்னதால் ஆசை இன்னும் கூடியது.

நான் தங்கியிருந்தது மார்ட்டிம் மோனிஸ் பக்கம், மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடம். இறங்கி வந்தால் பென்ஃபொர்மோசோ தெரு. நீளமான, குறுகலான தெரு. கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. பாகற்காயும் பச்சைமிளகாயும் பிளாஸ்டிக் கூடைகளில் வாசலுக்கே வந்துவிட்டிருந்தன. ஒரு மளிகைக் கடையில் மிளகுப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். 100 கிராம் 2 யூரோ. இந்த மிளகுக்காகத்தான் இந்த ஊரிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக்கு வந்தன. இன்று அது மஞ்சள்தூளுக்கும் கடுகுக்கும் நடுவே, கீழ்த்தட்டில் கிடக்கிறது. மூலைக் கடையில் நின்றபடியே ஒரு பீக்கா குடித்தேன். சின்னக் கோப்பையில் நாலு மடக்குக் கறுப்புக் காப்பி, 90 சென்ட். உட்கார்ந்து குடித்தால் விலை வேறு.

ஐந்து நிமிட நடையில் சான் டொமிங்கோஸ் சதுக்கம். நவம்பர் மாதம், கஷ்கொட்டை வறுக்கிற வண்டிகளிலிருந்து வெள்ளைப் புகை எழுந்து தெருவையே மூடியிருந்தது. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சாம்பலும் கலந்தது போன்ற வாசனை. ஒரு டஜன் 3 யூரோ. காகிதப் பொட்டலம் கையைச் சுட்டது. உரித்துத் தின்றுகொண்டே சதுக்கத்தின் நடுவில் இருக்கும் நினைவுக்கல்லருகே போனேன். வட்டக் கல்லில் தாவீதின் நட்சத்திரம். கட்டாய மதமாற்றத்துக்கு ஆளாகியிருந்த யூதர்களை 1506 ஏப்ரலில் இங்கே கும்பல் கூடி வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். அப்போது ஆட்சியில் இருந்தவர் மன்னர் மானுவேல். அவர் பெயரை மனதில் குறித்துக்கொண்டேன். அன்று பிற்பகலுக்குள் அவர் கல்லறை முன்னால் நிற்கப் போகிறேன்.

அதே சதுக்கத்தில் உள்ள தேவாலயத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. 1959-இல் தீப்பிடித்து எரிந்த கட்டடம் இது. கூரையை மறுபடி போட்டு, காவிச் சிவப்பில் வண்ணம் அடித்திருக்கிறார்கள். தூண்களைத் தொடவில்லை. நெருப்பில் வெடித்து, சில்லுச்சில்லாகப் பெயர்ந்து, யாரோ கடித்துத் துப்பியது போல நிற்கின்றன. கையை வைத்தேன். சில்லிட்டது, நகம் பட்ட இடத்தில் மணல் உதிர்ந்தது. பார்த்ததும் நெஞ்சில் தைத்த இடம் என்றால் லிஸ்பனில் இதுதான் எனக்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது.

அங்கிருந்து ஆற்றை நோக்கி நடந்தால் எல்லாத் தெருவும் நேர்கோடு. 1755 நவம்பர் 1, காலைப் பூசை நேரத்தில் வந்த நிலநடுக்கமும், பின்னாலேயே வந்த ஆழிப்பேரலையும் தீயும் இந்தத் தாழ்நிலத்தை அழித்துவிட்டன. பிறகு பொம்பால் பிரபு அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போலப் புதிதாகக் கட்டவைத்தார். முக்கால் கிலோமீட்டர் நடந்து முடிந்ததும் சட்டென்று வெளி திறக்கிறது: மூன்று பக்கம் மஞ்சள் வளைவுகள், நாலாவது பக்கம் தேஜோ ஆறு. நிலநடுக்கத்துக்கு முன்னால் அரண்மனை இருந்த இடம் இது. 1515 ஜூனில் அந்த அரண்மனையின் முற்றத்தில்தான் காண்டாமிருகத்தையும் ஒரு இளம் யானையையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பரம எதிரி என்று பழைய ரோமானிய நூல்களில் எழுதியிருந்ததாம். மன்னர் மானுவேலுக்கு அதைச் சோதித்துப் பார்க்க ஆசை. காண்டாமிருகம் மெல்ல முன்னால் நகர்ந்தது. யானை மிரண்டு ஓடிப்போனது. சண்டை அவ்வளவுதான்.

அரண்மனையின் சுவடுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் சதுக்கத்தின் நடுவே முதலாம் ஜோசே மன்னரின் குதிரைச் சிலை இருக்கிறது. 1775-இல் வைத்தது, மஷாடு டி காஸ்ட்ரோ செய்தது. எல்லாரும் குதிரையையும் மன்னரையும் அண்ணாந்து படம் எடுக்கிறார்கள். நான் பீடத்தைச் சுற்றி வந்தேன். ஒரு பக்கத்தில் கல்லில் ஒரு யானை, காலடியில் ஒரு மனிதன் விழுந்து கிடக்கிறான். தும்பிக்கையின் மடிப்புகளைப் பார்த்தால் கேள்விப்பட்டு மட்டும் செதுக்கியதாகத் தெரியவில்லை. ஒரு புறா அதன் மத்தகத்தில் உட்கார்ந்திருந்தது.

கரையோரமாகவே நடந்து காயிஸ் து சோத்ரே நிலையத்தில் ரயில் ஏறினேன். பெலேம் மூன்றாவது நிறுத்தம், எட்டு நிமிடத்துக்குள். பயணச்சீட்டு இரண்டு யூரோவுக்குள்தான். சீட்டு அட்டைக்கு மட்டும் முதல்முறை 50 சென்ட் தனியாக. அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் மறுபடி காசை ஏற்றிக்கொள்ளலாம். வழியில் ஏப்ரல் 25 பாலத்துக்கு அடியில் போகிறோம். 1966-இல் சர்வாதிகாரி சலசாரின் பெயரோடு திறந்த பாலம். 1974 புரட்சிக்குப் பிறகு அந்த நாளின் பெயரை வைத்தார்கள். மேலே வண்டிகள் ஓடும் தளத்தில் ஒரு பகுதி இரும்புச் சல்லடை. அதனால் பாலம் முழுக்க ஒரு ரீங்காரம், பெரிய தேன்கூட்டைக் கலைத்துவிட்டது போல. பெலேமில் இறங்கிய பிறகும் காற்று திரும்பும்போதெல்லாம் அது காதில் விழுந்துகொண்டிருந்தது.

ஜெரோனிமோஸ் மடத்தின் வாசலில் இரண்டு வரிசை. உள்முற்றத்துக்குக் கட்டணம், அதற்கு ஒரு நீள வரிசை. தேவாலயத்துக்கு இலவசம், அதற்கு இன்னொன்று. நான் இரண்டாவதில் நின்றேன், 40 நிமிடம். வாஸ்கோ ட காமா 1497 ஜூலை 8-ஆம் தேதி புறப்பட்டது இந்தக் கரையிலிருந்துதான். அவர் வழி கண்டு திரும்பிய பிறகு, 1501 வாக்கில் மானுவேல் மன்னர் இந்த மடத்தைக் கட்டத் தொடங்கினார். ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்கின்மேல் 20-இல் ஒரு பங்கு வரி போட்டு அந்தப் பணத்தில் கட்டியது. கட்டி முடிக்க ஏறத்தாழ நூறு ஆண்டு. வாசல் கல்லில் கயிறு முறுக்கும் கடல் உயிர்களும் இலைகளும் பின்னிக் கிடக்கின்றன. வெண்கல், வெயில் பட்ட இடத்தில் பொன்னிறம்.

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் வாஸ்கோ ட காமா, வலப்பக்கம் கவிஞர் கமோயிஸ். இருவரும் கல்லில் கைகூப்பிப் படுத்திருக்கிறார்கள். காமாவின் கல்லறையில் கப்பல், கவிஞரின் தலையில் இலைமாலை. கூட்டம் முழுக்க இங்கேதான். கல்லறைகள் 19-ஆம் நூற்றாண்டில் செய்தவை. உள்ளே இருப்பதன் கதை சிக்கலானது. காமா 1524-இல் இறந்தது கொச்சியில். முதலில் புதைத்ததும் அங்கேதான். பிறகு எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுவந்தார்கள். 1880-இல் இந்தத் தேவாலயத்துக்கு மாற்றும்போது வேறு யாருடைய எலும்பையோ கொண்டுவந்துவிட்டார்கள் என்று தெரிந்து, 1898-இல் திருத்தினார்கள். கமோயிஸ் புதைக்கப்பட்ட பழைய தேவாலயமோ நிலநடுக்கத்தில் சிதைந்தது. இங்கே இருப்பது அவர்தானா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. அந்தக் கல்லைத் தொட்டு சிலுவை போட்டுக்கொண்டு போன ஒரு பாட்டியைப் பார்த்தேன். அவருக்கு அந்தக் கேள்வி இல்லை.

கூட்டத்தை விட்டு விலகி முன்னால் போனேன். நடுவில் மெலிந்த தூண்கள், அடி முதல் நுனி வரை செதுக்கு வேலை, மேலே போய்ப் பனையோலை போல விரிகின்றன. 1755-இல் ஊரே ஆடியபோதும் இந்தக் கூரை நின்றது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றின் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தபோதுதான் அவை தெரிந்தன: யானைகள். மானுவேல் மன்னரின் கல்லறை, அவர் மனைவியின் கல்லறை, மகனுடையது, மருமகளுடையது, ஒவ்வொன்றையும் பளிங்கு யானைகள் முதுகில் தாங்கி நிற்கின்றன. சாம்பல் நிறம், தொங்கும் தும்பிக்கை, வெளுத்த தந்தம். 1506-இல் சதுக்கத்தில் ரத்தம் ஓடியபோது ஆண்டவர், யானையையும் காண்டாமிருகத்தையும் மோதவிட்டுப் பார்த்தவர், இப்போது யானைமேல் கிடக்கிறார்.

தெற்குப் பக்கம் தனியாக இன்னொரு கல்லறை, அதற்கும் அடியில் யானைகள். செபாஸ்தியாவ் மன்னர். 1578-இல் மொராக்கோவில் போருக்குப் போய், 24 வயதில், திரும்பி வராதவர். உடலைக் கொண்டுவந்தோம் என்றார்கள், மக்கள் நம்பவில்லை. பனிமூட்டமான ஒரு காலையில் திரும்பி வருவார் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தார்கள். கல்லறையில் லத்தீனில் பொறித்த வாசகமே, மன்னர் இதற்குள் இருக்கிறார் என்பதை “பேச்சு உண்மையானால்” என்ற நிபந்தனையோடுதான் சொல்கிறது. ஒரு ராஜாவின் கல்லறையில் இவ்வளவு நேர்மையான சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு முறை திரும்பி வந்து பார்த்தேன்.

வெளியே வந்து மடத்தின் மேற்குப் பக்கமாக நடந்தேன். அதே நீளக் கட்டடத்தின் இந்தப் பகுதியில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைத் தேடிப் போனதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. 1554-இல் லிஸ்பனில் தமிழில் ஒரு சின்ன வேதபாடப் புத்தகம் அச்சானது. தமிழ் எழுத்தில் இல்லை. ரோமன் எழுத்தில் தமிழ்ச் சொற்கள், கூடவே போர்ச்சுகீசியம். கொல்லத்தில் 1578-இல் தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்க’த்துக்கு 24 ஆண்டு முந்தையது. வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமே த குரூஸ் என்று மூன்று தமிழர்களின் பெயர் அதோடு சேர்ந்து வருகிறது. ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர்களாக இருக்கும். ஊரில் அவர்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ. தனிநாயகம் அடிகள் எழுதியதைப் படித்த நாளிலிருந்தே அந்தப் புத்தகத்தின் பிரதி பெலேமில், இந்த அருங்காட்சியகத்தில் இருப்பது மனதில் கிடந்தது.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே புதுப்பிக்கும் வேலை. தகரத் தடுப்புக்குப் பின்னால் துளைப்பான் சத்தம்; ஒரு தொழிலாளி சிமென்ட் தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து, கையாலேயே “இல்லை” என்று காட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நானூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால் தமிழ்ச் சொற்களை வாயால் சொல்லிச் சொல்லி அச்சுக்கோப்பவருக்குப் புரியவைத்தவர்கள் இந்த நகரத்தின் ஏதோ ஒரு தெருவில் நடந்திருக்கிறார்கள். குளிர் தாங்கியிருப்பார்களா என்றுதான் முதலில் தோன்றியது.

பசித்தது. அதே சாலையில் நீலத் திரைகள் கட்டிய பழைய இனிப்புக் கடை. 1837 என்று கடையின் பெயரோடேயே போட்டுக்கொள்கிறார்கள். 1834-இல் துறவியர் சபைகளை அரசு கலைத்தபோது மடத்துச் சமையலறையின் பக்குவம் வெளியே வந்தது என்பது கதை. வாசலில் வரிசை, உள்ளே போனால் அறைக்குப் பின்னால் அறையாக இருக்கை, காத்திருக்க வேண்டியதே இல்லை. முட்டைப் பாலேடு ஊற்றிச் சுட்ட வட்டமான பணியாரம் மாதிரிப் பண்டம், ஒன்று ஒன்றரை யூரோவுக்குச் சற்றுக் குறைவு. விளிம்பு அப்பளமாக நொறுங்குகிறது, நடுவில் சூடாக வழிகிறது. மேசையில் பட்டைத்தூள் டப்பா. தூவியதும் வீட்டு வாசனை. மூன்று தின்றேன்.

மணி மூன்றரை. நவம்பரில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும். சுரங்கப்பாதையில் ரயில் தண்டவாளத்தைக் கடந்து ஆற்றங்கரைக்கு வந்தேன். கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம், 52 மீட்டர், கப்பலின் முன்பாகம் போல நிற்கிறது. 1960-இல் கான்கிரீட்டிலும் கல்லிலும் கட்டியது. முன்னால் இளவரசர் ஹென்றி, பின்னால் இரு பக்கமும் வரிசையாக மாலுமிகள், மன்னர்கள், பாதிரிமார்கள். நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம் வந்த புனித சவேரியாரும் கிழக்குப் பக்க வரிசையில் இருக்கிறார். தரையில் பளிங்கில் ஒரு உலகப் படம். அதில் இந்தியாவைத் தேடி மண்டியிட்டுப் பார்த்தேன். மேற்குக் கரையோரம் 1498. ஒரு குழந்தை அதன்மேல் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தது. சின்னத்தின் மற்றதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. எல்லாரும் ஒரே திசையில் விறைத்துப் பார்க்கும் சிலைகளில் பார்க்க அதிகம் இல்லை.

மேற்கே ஒரு கிலோமீட்டர், படகுத்துறையைச் சுற்றிக்கொண்டு. கோபுரத்துக்கு முன்னால் புல்வெளியில் ஆட்டோக்கள் நின்றன. மின்சாரத்தில் ஓடும் மூன்று சக்கர வண்டிகள். ஒரு ஓட்டுநர் சில்ஹெட்காரர். “என்ன பாய், சவாரியா?” என்றார் இந்தியில். காண்டாமிருகம் எங்கே என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “ஆறு வருஷமா இங்கே வர்றேன், ஒருத்தரும் கேட்டதில்லை. மேற்குப் பக்கம் போய்ப் பாருங்க, ஆனா தண்ணி நிக்கும்” என்றார்.

பெலேம் கோபுரம் 1514-இல் தொடங்கி ஐந்தாறு ஆண்டில் கட்டியது. பிரான்சிஸ்கோ த அர்ருடாவின் வேலை. அன்று இது ஆற்றுக்குள் ஒரு பாறையில் நின்றது. பிறகு கரை நகர்ந்து வந்து இதைத் தொட்டுவிட்டது. உள்ளே போக வரிசை நீண்டிருந்தது. நான் போகவில்லை. கரையிலிருந்து கல்படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. நல்லவேளை, அலை உள்வாங்கியிருந்தது. கீழ்ப்படிகளில் பச்சைப் பாசி. குதிகாலை ஊன்றி ஒவ்வொன்றாக இறங்கி, மேற்குப் பக்கம் முழுவதும் தெரியும் இடத்தில் நின்றேன்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. கேடய வடிவக் கற்கள், சிலுவைகள், முறுக்குக் கயிறு. கோட்டைத் தளத்தின் மூலைகளில் மிளகுக் குடுவையைக் கவிழ்த்தது போல வரிகள் ஓடிய குமிழ்க் கூரையோடு சின்னக் காவல் கூண்டுகள் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு கூண்டும் அடியில் குறுகி ஒரு தாங்குகல்லில் முடிகிறது. வடமேற்கு மூலைக் கூண்டின் தாங்குகல்லில் ஒரு முண்டு. கல் பெயர்ந்தது என்றுதான் நினைத்தேன். வெயில் சாய்ந்து, ஆற்றின் பக்கமிருந்து தட்டையாக அடித்ததும் நிழல் விழுந்தது. நிழலோடு சேர்த்து உருவம் வந்தது. தாழ்ந்த தலை. காது இருந்த இடத்தில் ஒரு குறி. மூக்கின்மேல் மழுங்கிய கொம்பு. கனத்த மேலுதடு. ஐந்நூறு வருஷக் காற்றும் உப்பும் தின்றது போக மிச்சம்.

இந்த விலங்கின் கதை முழுவதும் எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷா அதை போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அவர் மன்னருக்கு அனுப்பினார். 1515 ஜனவரியில் கப்பல் ஏறி, ஏறத்தாழ 120 நாள் பயணம். மே 20-ஆம் தேதி இந்தக் கோபுரம் எழுந்துகொண்டிருந்த கரையில் இறங்கியது. கூடவே ஒசெம் என்ற பராமரிப்பாளர். ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா உயிரோடு பார்த்த முதல் காண்டாமிருகம். இங்கே அதற்கு ‘கண்டா’ என்று பெயர். நம் சொல்லின் முதல் பாதி அப்படியே காதில் விழுகிறது. ஒரு கடிதமும் கோட்டோவியமும் ஜெர்மனிக்குப் போயின. அவற்றை வைத்துத்தான் நியூரம்பெர்கில் ஓவியர் ட்யூரர் தன் புகழ்பெற்ற மரச்செதுக்குப் படத்தைச் செய்தார். இரும்புக் கவசம் போட்டது போன்ற உடம்பு, தோளில் இல்லாத ஒரு சின்னக் கொம்பு. அவர் விலங்கைப் பார்த்ததே இல்லை. அந்தப் படத்தைத்தான் இருநூறு ஆண்டுக்கு மேல் ஐரோப்பா உண்மை என்று நம்பியது. கண்டதைச் செதுக்க வாய்ப்பிருந்த லிஸ்பன் கல்தச்சரின் வேலை இந்தத் தாங்குகல். இதில் கவசம் இல்லை, தோள்கொம்பு இல்லை. யாரும் இதைப் பார்ப்பதில்லை.

அதே ஆண்டு முடிவதற்குள் மன்னர் அந்த விலங்கைப் போப் பத்தாம் லியோவுக்கு அனுப்பினார். 1516 தொடக்கத்தில் இத்தாலியக் கரையருகே கப்பல் உடைந்தது. காண்டாமிருகத்துக்கு நீந்தத் தெரியும். ஆனால் தளத்தில் சங்கிலியால் கட்டியிருந்தார்கள்.

பலமுறை படம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் தலை வரவில்லை. வெறும் கல்தான் வந்தது. பக்கத்துப் படியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் என் கை நீண்ட திசையில் பார்த்தார். நான் மூக்கின்மேல் விரலை நிறுத்திக் கொம்பு காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, தூண்டிலைக் கீழே வைத்து, இரண்டு படி இறங்கி வந்து மறுபடி பார்த்தார். “சிம்” என்றார். ஆமாம்.

வெயில் போனதும் உருவமும் போனது. அலை திரும்பிவிட்டிருந்தது, நான் நின்ற படி நனைந்து, செருப்பு நனைந்து, காலுறையும் நனைந்தது. இருட்டில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து பெலேம் நிலையம். பாலம் இன்னும் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அறைக்கு வந்து காலுறையைச் சூடேற்றியின் மேல் போட்டேன். காலை நான்கு மணிக்கு எடுத்தபோது பாதிதான் காய்ந்திருந்தது. செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்தேன். இன்னும் ஆற்று வாசனை அடித்தது.